ஹாம் ரேடியோவில் மோர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகத் தனி நபர்கள் உரிமத்தோடு நடத்தும் வானொலித் தொடர்புதான் ஹாம் ரேடியோ, அதைச் செய்பவர் ஹாம். அந்த உரிமம் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் மோர்ஸ் பற்றி வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. படிக்கும் முன் ஒன்று: மோர்ஸின் குறுகிய ஒலியை டிட் என்றும் நீண்ட ஒலியை டா என்றும் எழுதியிருக்கிறேன். எழுத்தின் முதலிலோ நடுவிலோ வரும் டிட், வேகமாகச் சொல்லும்போது வெறும் டி ஆகிவிடும். ஆங்கில எழுத்து ஏ என்றால் டி-டா. என் என்றால் டா-டிட். புள்ளி, கோடு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணம் கீழே வரும்.

உரிமத் தேர்விலிருந்து மோர்ஸை எடுத்துவிட்டார்களே, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்க விரும்பும் ஹாமுக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் சர்வதேச விதியாக இருந்தது. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு அந்தக் கட்டாயத்தை நீக்கி, முடிவை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டது. பல நாடுகள் சீக்கிரமே தேர்வைக் கைவிட்டன. அமெரிக்கா 2007 பிப்ரவரி 23 அன்று விட்டது. உங்கள் நாட்டில் எந்த நிலை உரிமத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு மோர்ஸ் ஒழிந்தது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. தேர்வுக்காகப் படித்தவர்களில் பலர் உரிமம் கைக்கு வந்ததும் மோர்ஸ் அனுப்பும் கீயைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். இப்போது வருகிறவர்கள் பிடித்து வருகிறார்கள், அதனால் நிற்கிறார்கள். தேர்வு போனது மோர்ஸுக்கு நல்லதே செய்தது என்பது என் எண்ணம்.

சரி, என்ன பயன்? குரலில் பேசும் எஸ்எஸ்பி முறைக்குச் சுமார் 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸைக் கேட்க 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் தாராளம். ஃபில்டர் பத்தில் ஒன்றாகக் குறுகினால் உள்ளே வரும் இரைச்சலும் பத்தில் ஒன்றாகும். அதாவது 10 டெசிபல் ஆதாயம். குரலுக்கு 100 வாட் கேட்கும் பாதையில் மோர்ஸ் 10 வாட்டில் போய்விடும் என்று தோராயமாகச் சொல்லலாம். கருவியும் எளிது. ஓர் அலையை உண்டாக்கி, விட்டுவிட்டு அனுப்பினால் போதும். விரல்விட்டு எண்ணக்கூடிய டிரான்சிஸ்டர்களை வைத்து நீங்களே பற்றவைத்த சின்னப் பெட்டி, நல்ல ஆன்டெனா கிடைத்தால் கடல் தாண்டும். அதே பெட்டியைக் குரலுக்குச் செய்யப் பார்த்தால் வேலை பல மடங்காகிவிடும். 5 வாட்டுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்ட க்யூஆர்பி ஆட்களும், கருவியை முதுகில் சுமந்து மலையுச்சிகளுக்குப் போய் அங்கிருந்து அழைக்கும் சோட்டா ஆட்களும் மோர்ஸை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்று உண்மையிலேயே யாராவது பயன்படுத்துகிறார்களா?

கேட்டுப் பாருங்கள், தெரியும். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் தொகுதிகளான ஹெச்எஃப் பேண்டுகள் ஒவ்வொன்றிலும் அடிப்பகுதி மோர்ஸுக்கு: 7.000 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே கொஞ்ச தூரம், 14.000-லிருந்து கொஞ்ச தூரம், இப்படி. 10.1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் 30 மீட்டர் பேண்டில் அநேகமாகக் குரலே கிடையாது. மோர்ஸும் டிஜிட்டலும் மட்டும். வார நாளில் ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் அமைதியாகத்தான் இருக்கும். நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் போய்ப் பாருங்கள். குறித்த நேரத்துக்குள் அதிகம் பேரோடு தொடர்புகொள்ள ஹாம்கள் முயலும் சிக்யூ உலகப் போட்டியின் மோர்ஸ் பகுதி அப்போதுதான் நடக்கிறது. 48 மணி நேரம் பேண்டில் ஊசி நுழைய இடம் இருக்காது.

ஹாம் உலகத்துக்கு வெளியே மோர்ஸ் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. கடலில் ஆபத்து அழைப்புக்கு இருந்த இடம் 1999 பிப்ரவரி 1-இல் ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற புதிய ஏற்பாடு முழுமையாக அமலுக்கு வந்ததோடு முடிந்தது. விமானங்களுக்கு வழிகாட்டும் விஓஆர் போன்ற நிலையங்கள் மட்டும் தங்கள் அடையாள எழுத்துகளை இன்னும் மோர்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனி 2014-இல் மோர்ஸ் தந்தியைத் தன் நாட்டின் அருவமான பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மரியாதைதான். ஆனால் பட்டியலில் ஏறியதை வைத்து மோர்ஸ் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

சிடபிள்யூ, மோர்ஸ் இரண்டும் ஒன்றுதானா?

நடைமுறையில் ஆம். மோர்ஸ் என்பது குறியீடு, சிடபிள்யூ என்பது அதை அனுப்பும் முறை. ஆரம்ப கால வானொலியில் தீப்பொறி உண்டாக்கி அனுப்பியபோது அலை எழுந்து உடனே அடங்கிவிடும். பிறகு இடைவிடாத சீரான அலை வந்தது. அதைத்தான் கன்டினியுவஸ் வேவ், சுருக்கமாகச் சிடபிள்யூ, என்றார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எஃப்டி8 வந்த பிறகும் மோர்ஸ் எதற்கு?

எஃப்டி8 என்பது 2017-இல் வந்த டிஜிட்டல் முறை. ஸ்டீவ் ஃபிராங்கேயும், 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான ஜோ டெய்லரும் உருவாக்கியது. 15 விநாடிக் கூறுகளாக, 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், கணினியும் கணினியும் பேசிக்கொள்ளும். காதுக்கு எட்டாத அளவு பலவீனமான சிக்னலையும் அது பிரித்துவிடும். இந்த விஷயத்தில் மோர்ஸால் அதோடு போட்டி போட முடியாது. எந்தத் தடையிலும் புகுந்து வருவது மோர்ஸ் ஒன்றுதான் என்று பழைய ஆட்கள் சொல்வது இன்றைக்குப் பொருந்தாது.

ஆனால் எஃப்டி8-இல் உரையாட முடியாது. அழைப்புக்குறி (உரிமத்தோடு வரும் அடையாளக் குறி), இருப்பிடக் கட்டம், சிக்னல் அளவு, வணக்கம், அவ்வளவுதான். சுதந்திரமாக எழுதலாம் என்றால் ஒரு தடவைக்கு 13 எழுத்து. மோர்ஸில் பெயர், வானிலை, ஆன்டெனா, பேரன் பிறந்தது எல்லாம் பேசலாம். பேசுவது மனிதன் கை. நாலைந்து தடவை கேட்டுவிட்டால், அழைப்புக்குறி வரும் முன்பே ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். இன்றைக்கு எந்த நாடுகளுக்குப் பாதை திறந்திருக்கிறது என்று பார்க்க எஃப்டி8, ஆளோடு பேச மோர்ஸ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இதில் கட்சி கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

புள்ளி கோடு அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டால் போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். போதாது. போதாததோடு, அதுவே பின்னால் தடையாக வந்து நிற்கும்.

அட்டவணையைப் பார்த்துப் படித்தவருக்கு டி-டா-டி-டிட் கேட்கிறது என்று வையுங்கள். காது நான்கு ஒலிகளை எண்ணுகிறது. மனம் அவற்றைப் புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி என்று படமாக்குகிறது. அந்தப் படத்தை அட்டவணையில் தேடுகிறது. எல் என்று கண்டுபிடிக்கிறது. கை எழுதுகிறது. நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் இவ்வளவுக்கும் நேரம் இருக்கும். வேகம் 10-ஐ நெருங்கும்போது தேடி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். எத்தனையோ பேர் இந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டு, நமக்கு இது வராது என்று விலகியிருக்கிறார்கள். அவர்களிடம் குறை இல்லை, படித்த முறையில்தான் குறை.

‘அம்மா’ என்று யாராவது கூப்பிட்டால் அ, ம், மா என்று கூட்டிப் பார்த்தா புரிந்துகொள்கிறோம்? அது போல டி-டா-டி-டிட் என்ற முழு ஒலியும் ஒரே வீச்சில் எல் என்று கேட்க வேண்டும். நடுவில் புள்ளியும் வேண்டாம், கோடும் வேண்டாம். மரம், கிளை என்று படம் போட்டுக் காட்டும் மோர்ஸ் வரைபடங்கள் அழகாக இருக்கும். அவற்றைச் சுவரில் மாட்டாதீர்கள். எழுத்துக்கு ஒரு சொல்லை ஞாபகத்துக்காக இணைக்கும் உத்திகளும் வேண்டாம். மனம் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு வர எடுக்கும் நேரமும் நேரம்தான்.

கோக் முறை, ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்கிறார்களே?

1930-களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் சோதித்துப் பார்த்த வழி முதலாவது. முதல் நாளிலிருந்தே முழு வேகம், ஆனால் இரண்டே எழுத்துகள். இன்றைய பயிற்சி நிரல்களில் பெரும்பாலும் கே, எம் என்ற இரண்டில் தொடங்குகிறார்கள்: டா-டி-டா, டா-டா. அந்த இரண்டும் கலந்து வருவதை ஐந்து நிமிடம் கேட்டு எழுத வேண்டும். 90 சதவீதம் சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. மறுபடி 90 வந்தால் நான்காவது. வேகம் மாறவே மாறாது, எழுத்துகளின் எண்ணிக்கைதான் கூடும்.

ஃபார்ன்ஸ்வொர்த் முறையில் ஒவ்வொரு எழுத்தும் வேகமாக வரும், எழுத்துகளுக்கு இடையே உள்ள மௌனம் மட்டும் நீளும். எழுத்து 20 சொல் வேகத்தில் ஒலிக்கும், மொத்த ஓட்டம் 8 சொல் வேகத்தில் போகும். பழகப் பழக அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

எது நல்லது? கோக் வரிசையில் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு, இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிவைப்பதுதான் பலருக்கும் சரிப்படுகிறது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: எழுத்தின் வேகம் 18, 20-க்குக் கீழே இறங்கக் கூடாது. மெதுவாகத் தொடங்கிப் பிறகு வேகம் கூட்டலாம் என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் 5 சொல் வேகத்தில் கேட்ட எல், 20 சொல் வேகத்தில் வேறோர் ஒலி. இரண்டு தடவை படிக்க வேண்டி வரும்.

இணையத்தில் எல்சிடபிள்யூஓ என்ற தளம் கோக் முறையை 40 பாடங்களாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது. ஆசிரியரோடு சேர்ந்து படிக்க விரும்பினால் சிடபிள்யூஆப்ஸ் என்ற சங்கம் நடத்தும் இணைய வகுப்புகள் இருக்கின்றன. அவையும் இலவசம்.

வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? சொல்லுக்குச் சொல் நீளம் மாறுமே?

அதற்காகத்தான் பாரிஸ் என்ற சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். டிட்டின் நீளம் ஓர் அலகு. டா மூன்று அலகு. எழுத்துக்குள் ஒலிகளுக்கிடையே ஓர் அலகு மௌனம், எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. இந்தக் கணக்கில், ஆங்கிலத்தில் எழுதிய பாரிஸ் கடைசி இடைவெளியோடு சேர்த்துச் சரியாக 50 அலகு வருகிறது. நிமிடத்துக்கு 20 பாரிஸ் என்றால் 1000 அலகு, ஆக ஒரு டிட் 60 மில்லிவிநாடி. 1200-ஐச் சொல் வேகத்தால் வகுத்தால் டிட்டின் நீளம் மில்லிவிநாடியில் கிடைத்துவிடும்.

எவ்வளவு நாளாகும்?

தினமும் உட்கார்ந்தால் எழுத்துகளும் எண்களும் சில மாதங்களில் வந்துவிடும். ‘தினமும்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிடக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் எவ்வளவோ மேல். களைத்த காது புதிதாக எதையும் பிடிக்காது. 20 நிமிடத்துக்கு மேல் தவறுகள் கூடிக்கொண்டே போனால் எழுந்துவிடுங்கள். இரவு தூங்கி எழுந்தால், நேற்று முரண்டு பிடித்த எழுத்து தானாக வழிக்கு வந்திருப்பதும் உண்டு.

நாலு நாள் முன்னேறி, பத்து நாள் அதே இடத்தில் நிற்பது எல்லாருக்கும் வருவதுதான். அப்போது புதிய எழுத்தைச் சேர்க்காமல், குழப்பும் ஜோடிகளை மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள். பலரைப் படுத்தும் ஜோடிகள் இவை: எல்லும் எஃப்பும், அதாவது டி-டா-டி-டிட், டி-டி-டா-டிட். ஒய்யும் க்யூவும், அதாவது டா-டி-டா-டா, டா-டா-டி-டா. எஸ், ஹெச், 5 ஆகிய மூன்றும் வெறும் டிட்டுகள்: மூன்று, நான்கு, ஐந்து. இந்த மூன்றில்தான் எண்ணிப் பார்க்கும் ஆசை வரும். எண்ணினால் தோற்றீர்கள். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டால் ஒன்று சட்டென்று முடிவதும் இன்னொன்று இழுப்பதும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஓர் எழுத்து தவறிப்போனால் அதன் பின்னால் நாலு எழுத்து போய்விடுகிறதே?

தவறியதை நினைத்துக்கொண்டிருப்பதால்தான் அடுத்த நாலும் போகிறது. போனது போகட்டும். தாளில் ஒரு சின்னக் கோடு போட்டு இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஒலிக்குப் போய்விடுங்கள். இதுவும் பழக வேண்டிய திறமை, எழுத்துகளைப் பழகுவது போலவே. உண்மையான தொடர்பில் இரைச்சலும் சிக்னல் ஏற்ற இறக்கமும் எப்படியும் பாதியை விழுங்கும். விட்ட இடங்களை மனம் நிரப்பிக்கொள்ளும்.

எழுதிக்கொண்டே கேட்பதா, தலையிலேயே கேட்பதா?

தொடக்கத்தில் எழுதுங்கள். எதில் தவறுகிறது என்று பார்க்க வேறு வழி இல்லை. ஆனால் எழுத்துகள் வந்தவுடன் பென்சிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வையுங்கள். எழுதும் கை ஏறத்தாழ 25 சொல் வேகத்தில் திணற ஆரம்பிக்கும், காதுக்கு அந்த எல்லை இல்லை. திரும்பத் திரும்ப வரும் சின்னச் சொற்களில் ஆரம்பிக்கலாம். ‘இவர் அழைக்கிறார்’ என்பதற்கான டி, இ என்ற இரண்டு எழுத்தும் டா-டி-டிட் டிட் என்று ஒரே ஒலியாகக் கேட்கும். பெயர், நன்றி, ஆன்டெனா, வானிலை ஆகியவற்றுக்கான சுருக்கங்களும் அப்படியே பதிந்துவிடும். அழைப்புக்குறி, பெயர், எண்கள் ஆகிய மூன்றை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு மீதியைத் தலையில் கேட்பது நடைமுறையில் நன்றாக ஓடும்.

எந்தக் கீ வாங்குவது?

கேட்பதில் பாதி எழுத்துகளாவது வரும் வரை எதையும் வாங்காதீர்கள். சரியான ஒலி எது என்று காதுக்குத் தெரியாதபோது கை தப்புத் தாளத்தைப் பழகிக்கொள்ளும், அதை மாற்றுவது பெரும்பாடு.

அப்புறம் என் பரிந்துரை பேடில். இரண்டு நெம்புகள், ஒன்றைத் தொட்டால் டிட், இன்னொன்றைத் தொட்டால் டா. நீளத்தைக் கீயர் என்ற மின்சுற்று பார்த்துக்கொள்ளும். இப்போது வரும் கருவிகள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. இரண்டு நெம்பையும் சேர்த்துப் பிடித்தால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும். சி என்ற எழுத்துக்கு டா நெம்பை முதலில் தொட்டுச் சேர்த்துப் பிடித்தால் டா-டி-டா-டிட் தானாக விழும். விட்ட பிறகு தானாக ஒன்று கூடுதலாகச் சேர்ப்பது பி முறை, சேர்க்காதது ஏ முறை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள், மாற்றி மாற்றிப் பழகினால் கை குழம்பும்.

படங்களில் நாம் பார்க்கும், மேலும் கீழும் அழுத்தும் கீக்கு ஸ்ட்ரெயிட் கீ என்று பெயர். அதற்கென்றே ரசிகர்கள் உண்டு. அதைக் கையாள்வதாக இருந்தால் விரலால் தட்டாதீர்கள். முழங்கை மேசையில் இருக்க, குமிழை இரண்டு மூன்று விரல்களால் மெல்லப் பிடித்து, அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். தட்டுகிறவர்களுக்குச் சீக்கிரம் கை வலிக்கும். டெலிகிராஃப்காரர்களைப் பாடாய்ப்படுத்திய அந்த வலிக்கு மாற்றாக வந்ததுதான் பக்கவாட்டில் அசையும் ‘பக்’. ஹோரஸ் மார்ட்டின் 1904-இல் காப்புரிமை பெற்ற வைப்ரோபிளெக்ஸ் இந்த வகை. டிட்டுகளை ஒரு வில்லின் அதிர்வு போட்டுத்தரும், டாவைக் கையால் போட வேண்டும். அழகான இயந்திரம், புதியவருக்கு வேண்டாம்.

கணினியே மோர்ஸைப் படித்துத் தருகிறதே?

சுத்தமான சிக்னல், இயந்திரம் போல் சீரான கை என்றால் படிக்கும். சிக்னல் ஏறி இறங்கினால், பக்கத்தில் இன்னொருவர் அழைத்தால், ஸ்ட்ரெயிட் கீயில் தள்ளாடும் கை என்றால் திரையில் குப்பை விழும். பழகிய காது அங்கே ஜெயிக்கும்.

ஆனால் ஒரு வேலைக்கு அந்த நிரல் அருமையானது. உங்கள் கையை நீங்களே சோதிக்க. அது தயவுதாட்சண்யம் பார்க்காது. எழுத்துகளுக்கு இடையே நீங்கள் இடைவெளி விடாததை முகத்துக்கு நேரே காட்டிவிடும். இன்னொன்று, ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் தானியங்கி ரிசீவர்கள், யார் பொது அழைப்பு கொடுத்தாலும் அதைப் படித்து, எந்த வேகம், எவ்வளவு பலம் என்று இணையத்தில் போட்டுவிடும். இரண்டு தடவை அழைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் உங்கள் 5 வாட் எந்தக் கண்டத்தில் கேட்டது என்று தெரியும். யாரும் பதில் சொல்லாத நாட்களில் இது பெரிய ஆறுதல்.

வயதாகிவிட்டது, இசை ஞானமும் இல்லை. வருமா?

வரும். அறுபதுக்கு மேல் ஆரம்பித்துச் சரளமாகப் பேசுகிறவர்கள் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள். இளையவர்களுக்கு வேகம் சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். செவித்திறன் குறைந்தவர்களுக்குக் குரலைவிட மோர்ஸ் எளிது. பேச்சுக்குப் பல சுருதிகள் தேவை, மோர்ஸுக்கு ஒன்றே ஒன்று. அதை 500 ஹெர்ட்ஸோ 700 ஹெர்ட்ஸோ, உங்கள் காது எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம்.

முதல் தொடர்பில் என்ன அனுப்புவது? கை நடுங்குமே?

நடுங்கும். பேடில் அதையும் டிட்டாக்கி அனுப்பிவிடும். பரவாயில்லை, அந்தப் பக்கம் இருப்பவரும் ஒருநாள் நடுங்கியவர்தான்.

முதலில் அலைவரிசை காலியா என்று கேளுங்கள்: க்யூஆர்எல் என்று அனுப்பி, கேள்விக்குறி. பதில் வராவிட்டால் சற்று விட்டு இன்னொரு தடவை. அப்போதும் அமைதி என்றால் பொது அழைப்பு. சி க்யூ இரண்டு மூன்று தடவை, டி இ, உங்கள் அழைப்புக்குறி இரண்டு தடவை, கடைசியில் கே. கே என்றால் ‘நீங்கள் பேசலாம்’. யாராவது உங்கள் குறியோடு தன் குறியைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். இனி முறை எல்லாருக்கும் ஒன்றே: வணக்கமும் நன்றியும், சிக்னல் அளவு, ஊர், பெயர். சிக்னல் அருமை என்பதற்கான 599 முழுதாக வராமல் 5 என் என் என்று வந்தால் திகைக்காதீர்கள். 9-ஐ அனுப்ப 17 அலகு நேரம் ஆகும், என் எழுத்துக்கு 5 போதும். அதனால் 9-க்குப் பதில் என் போடுவார்கள், 0-க்குப் பதில் டி (T), அதாவது ஒரே ஒரு டா. அடுத்த சுற்றில் கருவி, ஆன்டெனா, வானிலை. முடிவில் 73. அமெரிக்கத் தந்தி நிலையங்களின் காலத்திலிருந்து வரும் வாழ்த்து அது. கடைசிக் குறி டி-டி-டி-டா-டி-டா. அதற்குப் பிறகும் இரண்டு பேரும் ஆளுக்கொரு டிட் டிட் போட்டுக்கொள்வார்கள். விதியில் இல்லாத மரியாதை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு படித்து அனுப்பலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

தவறாக அனுப்பிவிட்டால் எட்டு டிட் அனுப்ப வேண்டும் என்பது ஏட்டு விதி. பழக்கத்தில் இரண்டு மூன்று டிட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டுச் சொல்லை மறுபடி அனுப்புவார்கள். எதிராளி வேகமாக இருந்தால் க்யூஆர்எஸ் என்று கேளுங்கள், ‘மெதுவாக’ என்று பொருள். அழைத்தவரின் வேகத்துக்கு மேல் பதில் அனுப்புவது நாகரிகமில்லை. உங்களால் 12-இல்தான் கேட்க முடியும் என்றால் 12-இல்தான் அழைக்க வேண்டும். கெத்துக்காக 20-இல் அழைத்தால் 20-இல்தான் பதில் வரும்.

போட்டிகளில் புதியவர் கலந்துகொள்ளலாமா? அவ்வளவு வேகமாகப் போகிறதே?

கலந்துகொள்ளலாம், அதுவும் சீக்கிரமே. வேகம் பயமுறுத்தும், ஆனால் பேச்சு ஒன்றும் இல்லை. சிக்யூ உலகப் போட்டியில் பரிமாறிக்கொள்வது 5 என் என், மண்டல எண், அவ்வளவே. உலகத்தை 40 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், எதிராளியின் அழைப்புக்குறியிலிருந்தே அவர் மண்டலத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஆக, கேட்க வேண்டியது அழைப்புக்குறி ஒன்றுதான். அதையும் அவர் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஐந்து தடவை கேட்டு, முழுதாகத் தெரிந்த பிறகு உங்கள் குறியை ஒரு தடவை அனுப்புங்கள். முதல் நாளைவிட ஞாயிறு மாலையில் போனால் கூட்டம் குறைந்து, புதிய குறிக்காக அவர்களே ஏங்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே ஒத்திகை பார்க்க மோர்ஸ் ரன்னர் என்ற இலவச நிரல் இருக்கிறது. ஒரே நேரத்தில் பலர் அழைக்கும் அமளியை அப்படியே உண்டாக்கிக் காட்டும்.

ஆபத்தில் எஸ்ஓஎஸ் அனுப்பினால் யாராவது வருவார்களா?

கடலில் 500 கிலோஹெர்ட்ஸில் ஆள் வைத்துக் கேட்ட காலம் போய்விட்டது. 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்று 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தக் குறியைத் தெரிந்துவைத்திருப்பதில் தப்பில்லை. மூன்று எழுத்துக்கும் நடுவே இடைவெளி விடாமல் ஒரே குறியாக அனுப்ப வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஹாம் பேண்டில் யார் எஸ்ஓஎஸ் அனுப்பினாலும் கேட்பவர் உதவத்தான் பார்ப்பார். ஆனால் பேரிடர் நேரத்தில் ஹாம்களின் வேலை பெரும்பாலும் குரலிலும் டிஜிட்டலிலும் நடக்கிறது. மின்சாரமும் பெரிய கருவியும் இல்லாத நிலையில் கைகொடுக்கும் மாற்று என்று மோர்ஸை வைத்துக்கொள்ளலாம். பேரிடருக்காக மட்டும் படிக்க வேண்டும் என்றால் நான் வேறு பயிற்சிகளை முதலில் சொல்வேன்.

தமிழில் மோர்ஸ் அனுப்ப முடியுமா?

சர்வதேசத் தரத்தில் தமிழுக்குத் தனிக் குறியீடு இல்லை. ஜப்பானியர்களுக்கும் ரஷ்யர்களுக்கும் தங்கள் எழுத்துக்கென்று உண்டு. தமிழ் தெரிந்த இருவர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பேசிக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

உரிமம் இல்லாமலே தொடங்கலாமா?

அனுப்பத்தான் எங்கும் உரிமம் வேண்டும். ஹாம் பேண்டைக் கேட்பதைப் பல நாடுகளில் யாரும் தடுப்பதில்லை. ரேடியோகூட வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரை இணைய உலாவியிலேயே திருப்பிக் கேட்கலாம். சிடபிள்யூ முறையைத் தேர்ந்தெடுங்கள், சாதாரண ஏஎம் முறையில் வைத்தால் மோர்ஸ் ஒலியாகக் கேட்காது.

பயிற்சிக்கு நல்ல இடம் 14.100 மெகாஹெர்ட்ஸ். உலகின் வெவ்வேறு மூலைகளில் 18 பீக்கன்கள், அதாவது தானாக அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையங்கள், முறைவைத்து அங்கே அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. முதலில் அழைப்புக்குறி 22 சொல் வேகத்தில் வரும். பிறகு ஒவ்வொரு விநாடி நீளத்தில் நான்கு கோடுகள்: முதலாவது 100 வாட், அடுத்தது 10, அப்புறம் 1, கடைசி 0.1 வாட். எத்தனையாவது கோடு வரை கேட்கிறது என்று பாருங்கள். குறிகள் மாறாதவை, பட்டியலை வைத்துச் சரிபார்க்கலாம். எனவே முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு பிடிபடும். பகலில் 14 மெகாஹெர்ட்ஸ், இருட்டிய பிறகு 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பகுதி என்று மாற்றிக் கேளுங்கள். நீங்கள் கேட்கும் ரிசீவர் இருக்கும் இடத்தில் பகலா இரவா என்பதுதான் கணக்கு, உங்கள் வீட்டுக் கடிகாரம் இல்லை.